ஐந்தரை மணிச் சைக்கிள்

எனக்குத் தூக்கிவாரிப்போடப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். வாசலில் தபால்காரர் ஹார்ன் அடித்தாலே போதும். ஆனால் அந்த அக்கா என்னை அதிர வைத்ததெல்லாம் வேறு ரகம். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் ஓடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான கையோடு நானும் என் கணவரும் புக்கிட் ரம்பாயில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியேறினோம். வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். பக்கத்தில் இருந்த தொழிற்சாலை ஒன்றின் ஆபீசில் நான் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். முதல் நாள் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக் கார் போர்ச்சில் கார் இல்லை. ஒரு பழைய ஆண்கள் சைக்கிள் நின்றது. பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டியிருந்தார்கள். அதன் மேல் ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் ஓர் அம்மாள், தொளதொளத்த பாஜு குரோங் மேல்சட்டைக்குக் கீழே புருஷனுடைய டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவர் கண்ணும் நகரவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு கம்பிச் சட்டம், அதில் விரித்த புத்தகம், காற்றில் புரளாமலிருக்க இரண்டு பக்கமும் துணி கிளிப்.

பேய் பிடித்திருக்கிறதோ என்று பயந்து, "அக்கா?" என்றேன்.

"இரும்மா. செத்தது யாருன்னு தெரிஞ்சிடட்டும்" என்றார் தலை நிமிராமல்.

என் கைப்பை கீழே விழுந்துவிட்டது. யாரோ செத்துப்போய், அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துச் சக்கரம் நின்றது. "தம்பிக்காரன்தான். நான் மூணாவது பக்கத்துலயே சந்தேகப்பட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, சுவரில் கைவைத்து, "பசியாறிட்டியா? புதுசா வந்திருக்கீங்களா? தண்ணி வருதா?" என்று வரிசையாகக் கேட்டார். மாத நாவல் படித்துக்கொண்டிருந்தார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, என்று அன்றைக்கே சொன்னார். டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறாராம். நடுவில் நிறுத்தினால் பலன் இல்லையாம். ரோட்டில் ஓட்டினால் லாரி மோதிவிடும் என்று அண்ணன், அதாவது அவர் கணவர், இதைச் செய்து கொடுத்திருக்கிறார். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். தாங்கியின் காலுக்கு லாரி டயர் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார், தரை அதிராமலிருக்க. புத்தகச் சட்டமும் அவர் கைவேலைதான். "ஒரு மணி நேரம் சும்மா மிதிச்சா போரடிக்கும்லா, பாவம். எதையாச்சும் பார்த்துக்கிட்டு மிதிக்கட்டும்னு வச்சேன்" என்று என் கணவரிடம் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றாலே அந்தச் சக்கரத்தின் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில், சத்தத்தை வைத்தே அக்கா என்ன படிக்கிறார் என்று என்னால் சொல்ல முடிந்தது. கொலைக் கதை என்றால் சக்கரம் பறக்கும். காதல் கதை என்றால் தேய்ந்து தேய்ந்து ஓடும். கதாநாயகன் கடிதம் எழுத உட்கார்ந்தால் கிட்டத்தட்ட நின்றேவிடும். ஒருநாள் சக்கரம் ஒரே சீராக, கடிகாரம் மாதிரி ஓடியது. எட்டிப் பார்த்தால் கோழி வளர்ப்புப் புத்தகம். அக்கா வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது.

"இதை எதுக்குக்கா படிக்கிறீங்க?"

"கோழிக்குக்கூட சளி பிடிக்குமாம், தெரியுமா உனக்கு?"

கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பார். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பழைய புத்தகம் விற்கிறவர் அக்காவுக்கென்று ஒரு கட்டை ஒதுக்கி வைத்திருப்பார். மகளுடைய பழைய தமிழ்ப் பாடப்புத்தகம், அட்டை கிழிந்த வார இதழ்கள், நாட்டு மருந்து, கைரேகை, எதையும் விடமாட்டார். எழுதியவர்களை உரிமையோடு திட்டுவார். "இந்த ஆளு பசியோட உட்கார்ந்து எழுதியிருக்கான். பக்கத்துக்குப் பக்கம் விருந்துதான்" என்பார். "இவளுக்கு மாமியார் கிடையாதுன்னு நினைக்கிறேன். மாமியார இவ்வளவு நல்லவளா எழுதியிருக்கா" என்பார்.

ஆனால் ஒன்று. சைக்கிளை விட்டு இறங்கிவிட்டால் ஒரு வரி படிக்கமாட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் மேசையில் போட்டுவிட்டு, மறுநாள் ஐந்தரைக்குச் சட்டத்தில் மாட்டி மிதித்துக்கொண்டேதான் படிப்பார். ஒருமுறை அப்படித்தான் முகூர்த்தம் முடிந்த பிறகு பத்திரிகையைப் படித்துவிட்டு ஓட்டமாய் ஓடினார். எனக்கு இது வேடிக்கையாக இருந்ததே தவிர, ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த ஒரு மணி நேரம் அவர் ராணி. விடியுமுன் எழுந்து தொழிற்சாலை கேண்டீனுக்குப் போய் நூறு பேருக்குச் சமைத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினால், வீட்டு வேலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஐந்தரை அடித்ததும் சைக்கிள். அப்போது யார் வந்தாலும் அண்ணன் வாசலிலேயே மறித்து, "அவங்க எக்சர்சைஸ்ல இருக்காங்க, உட்காருங்க" என்பார். தேத்தண்ணீரும் அவரே கலக்குவார். அது தே ஓ கோசோங்தான், சீனி போடாத வெறும் தேத்தண்ணீர். அந்த வீட்டில் சீனியே கிடையாது. ஒரு காலத்தில் அண்ணன் இனிப்பான டின் கட்டிப்பாலை ஸ்பூனில் அள்ளித் தின்கிற ஆளாம். "அவ சாப்பிடாதப்ப நான் மட்டும் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்று நிறுத்திவிட்டார். அக்காவுக்குக் கால் கை நல்லபடியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயிலில் மொட்டையும் போட்டார். நான் பார்த்த வருடம் அது இரண்டாவது மொட்டை. அந்த மொட்டைத் தலையோடு அவர் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து என் கணவர் சிரித்தார். நான் அவரைக் கிள்ளினேன். இப்படி ஒரு மனிதர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சக்கரம் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று "ஐயோ!" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பெடலிலிருந்து கால் நழுவி, பெருவிரல் சங்கிலியில் மாட்டி, சிமெண்டுத் தரையெல்லாம் ரத்தம். அண்ணன் ரெம்பியாவுக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். மகள் வேலையில். இனிப்பு நீர்க்காரருக்கு விரலில் காயம் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். துண்டைச் சுற்றி, அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தேன். வழியெல்லாம் அழுதவள் நான்தான். அக்கா, "ஒண்ணுமில்லலா, மெதுவா ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இளம் டாக்டர், நம்மவர். அவர் காயத்தைப் பார்ப்பதற்குள் நான் கத்தினேன். "டாக்டர், அவங்களுக்கு மூணு வருஷமா இனிப்பு நீர்! கால் போயிடுமா?"

அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார். பயத்தில் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. என்ன மருந்து சாப்பிடுறீங்கம்மா?"

"மருந்தெல்லாம் இல்ல."

"எந்த டாக்டர் சொன்னாரு உங்களுக்கு இனிப்பு நீருன்னு?"

அக்கா மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? தையல் போட்டு, ஊசி குத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாள் கழித்து அதுவும் சுத்தமாக வந்தது. ஆனால் அது வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. காரில் ஏறி உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டேன்.

"டாக்டர் என்னக்கா இப்படிச் சொல்றாரு?"

"சரியாத்தான் சொல்றாரு."

"அப்ப இனிப்பு நீர் எப்ப போச்சு?"

"வந்தாத்தானேம்மா போறதுக்கு."

சாவியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்கா கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யாரும் என்னைப் படிக்காதேன்னு சொன்னதில்ல. பொய் சொல்லக்கூடாது. எங்கம்மாவும் சொல்லல, மாமியாரும் சொல்லல, இவரு சத்தியமா சொல்லல. ஆனா நான் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தா போதும், எல்லாருக்கும் என்கிட்ட ஒரு வேலை இருக்கும். உப்பு எங்க, சட்டை எங்க, கேட்டுல யாரு. சும்மா உட்கார்ந்திருக்கேன்ல? ஒரு தடவை டெங்கி வந்து எட்டு நாளு கிடந்தேன். ஒரு ஆளு கூப்பிடல. எட்டு நாள்ல ஆறு புத்தகம் படிச்சேன், அந்தக் காய்ச்சல்ல. அப்புறம் ஒருநாள் கிளினிக்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மாகிட்ட, இனிப்பு நீருக்கு தினம் ஒரு மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணணும்னு நர்ஸ் சொல்லிக்கிட்டிருந்தா. பஸ்ல வீடு வர்றதுக்குள்ள எனக்கும் வந்திருச்சு."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பிறகு அண்ணன் தலை ஞாபகம் வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மனுஷன் மொட்டை போட்டாரேக்கா! ரெண்டு தடவை! சாமிகிட்டயே போய் நிக்க வச்சிட்டீங்களே!"

"நானா போடச் சொன்னேன்?" என்றார் முதலில். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா சைக்கிளக் கழட்டிருவாரே."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. அதற்கப்புறம் அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, சீனி போடாத கோப்பியை முகம் சுளிக்காமல் குடிக்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே ஓடிவிடுவேன். அக்காவைப் பார்க்கவே பிடிக்காத நாட்களும் இருந்தன. ஐந்தரை மணிக்குச் சக்கரம் சுற்றத் தொடங்கும். இவ்வளவு பெரிய பொய்யை வைத்துக்கொண்டு எப்படித்தான் கோழிக்குச் சளி பிடிப்பதைப் பற்றிப் படிக்க முடிகிறதோ என்று பாத்திரத்தை டமார் டமார் என்று வைப்பேன்.

இந்த நிலையில்தான் மகளுக்கு வரன் வந்தது. வந்தது என்ன, மகளே பார்த்து வைத்திருந்தாள். கூட வேலை செய்கிற பையன், டுரியான் துங்கால்காரன், தங்கமான பிள்ளை. பையனின் அம்மா இனிப்பு நீரில் ஒரு காலை இழந்து, பிறகு உயிரையும் விட்டவர். அத்தைதான் அவனை வளர்த்தார். பெண் பார்க்க வந்த அன்று என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. லட்டுத் தட்டை அக்கா ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். அத்தை, "நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க சம்பந்தி" என்றார்.

அண்ணன் குறுக்கே விழுந்தார். "அவங்களுக்கு வேணாங்க. இனிப்பு நீர். மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா நல்லா கட்டுப்பாட்டுல வச்சிருக்கோம்."

அத்தை கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. இவன் அம்மாவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு. இது பரம்பரையா வர்ற நோவு. நாளைக்கு உங்க பொண்ணுக்கும் வந்தா? திரும்ப ஒரு தடவை எங்களால முடியாது. யோசிச்சுச் சொல்றோம்."

பையன் "அத்தை" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைத் தூக்கியதும் அடங்கிவிட்டான். அறைக்குள்ளிருந்து மகள் விசும்புவது எல்லாருக்கும் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அக்கா நின்றபடியே ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றையும் எடுத்துத் தின்றார். "எனக்கு இனிப்பு நீரு கிடையாது" என்றார் வாய் நிறைய.

அண்ணன் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "ஏய், என்ன பண்ற? பொண்ணுக்காக உயிர விடப் போறியா?" என்று கத்திவிட்டு, அத்தையிடம் திரும்பி, "மன்னிச்சிடுங்கம்மா, பொண்ணு மேல உள்ள பாசத்துல பொய் சொல்றா" என்றார்.

யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? மூன்று வருடம் சீனி இல்லாத வீடு சாட்சி, சைக்கிள் சாட்சி, அண்ணன் தலை சாட்சி. அக்கா என்னிடம் திரும்பினார். "நீ சொல்லு."

அந்த நிமிடத்தில் தரை பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அண்ணனைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி சொன்னேன். கிளினிக், ஊசி, ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும்.

அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "பின்ன எதுக்கு இருக்குன்னு சொன்னீங்க?"

"படிக்க" என்றார் அக்கா.

"என்ன பரீட்சைக்கு?"

"பரீட்சை இல்ல. சும்மா படிக்க."

"சும்மாவா?" அத்தை அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்ச்சில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். புத்தி சரியில்லாத குடும்பமோ என்ற சந்தேகம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "வேற நோவு எதுவும் இப்படி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பையன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். எதற்கும் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டிவிடுங்கள் என்று சொல்லி, கிளாசை மறுபடியும் கையில் எடுத்தார் அத்தை.

தாளைக் காட்டினோம், கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணன் மறுபடியும் கட்டிப்பால் கோப்பி குடிக்கத் தொடங்கினார். சைக்கிளையும் அவர் கழற்றவில்லை, அக்கா பயந்ததுதான் மிச்சம். நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும் வரை ஐந்தரைக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இதையெல்லாம் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இவை எதுவும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு நடந்ததுதான்.

நான் அக்கா வீட்டுச் சமையலறையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய சண்டை வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன், மறைப்பானேன்? அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு எதிரே நின்றார். அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அடிபட்ட பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"படிக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டீங்க."

"பின்ன என்னடி?"

அக்கா லட்டுத் தட்டை இழுத்து மூடி வைத்தார்.

"அதுக்கும் உங்ககிட்ட வந்து கேக்கணும்ல" என்றார்.

கையில் கிளாசோடு அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை நாளும் அந்த அக்கா என்னை உலுக்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் என் கணவரிடம், அம்மா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய் வரட்டுமா என்று கேட்டிருந்தேன். "போயிட்டு வாலா" என்று அவரும் உடனே சொல்லியிருந்தார்.